கடையில் எங்கே எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

சரக்கை நிறுத்து வாங்குகிறோம். பணத்தை எண்ணி வாங்குகிறோம். வெளிச்சத்தை மட்டும் கண்மதிப்பில் விட்டுவிடுகிறோம். அதையும் அளக்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். விளக்கு எத்தனை லூமன் தரும் என்பது பெரும்பாலும் அதன் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1992இல் வெளியிட்ட ஐ.எஸ். 3646 விதிமுறை, ஒவ்வொரு வேலைக்கும் மூன்று அளவுகள் தருகிறது. வழக்கமாக நடு அளவு போதும். தவறினால் நஷ்டம் பெரிது என்றால் மேல் அளவு. எப்போதாவதுதான் வேலை என்றால் கீழ் அளவு. நமக்கு வேண்டிய நடு அளவுகள் வருமாறு:

1. மூட்டை அடுக்கும் கிட்டங்கி, லாரியில் ஏற்றி இறக்கும் இடம்: 150 லக்ஸ்
2. பொட்டலம் கட்டி அனுப்பும் இடம்: 300 லக்ஸ்
3. கவுண்ட்டர் வைத்த சிறு கடை: 500 லக்ஸ்
4. கணக்கு எழுதும் மேசை: 500 லக்ஸ்

ஏன் இந்த வேறுபாடு? மூட்டை பெரியது, மங்கலிலும் தெரியும். பருப்பில் கிடக்கும் கல்லும், பாக்கெட்டில் பொடி எழுத்தில் அச்சிட்ட காலாவதித் தேதியும் அப்படித் தெரியா. நம்மில் பலர் முகப்பில் விளக்கை வரிசையாகப் போட்டுவிட்டு, புடைப்பதையும் தேதி பார்ப்பதையும் இருண்ட பின்கட்டில் வைத்திருக்கிறோம். கல் கடிபட்ட வாடிக்கையாளர் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, காலாவதிச் சரக்கை விற்றால் விற்றவரே பொறுப்பு.

கணக்குப் போடும் முறை எளிது. பத்தடிக்குப் பத்தடி இடம் ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். 500 லக்ஸுக்கு 4,650 லூமன் வேண்டும். உயரம், தூசி, சுவரின் நிறம் இவற்றால் பாதி வீணாகும் என்று வைத்தால் 9,300 லூமன். 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று சுமார் 2,000 லூமன் தரும். ஆகவே ஐந்து தேவை. அதே பரப்புள்ள கிட்டங்கிக்கு 2,800 லூமன், அதாவது இரண்டு டியூப் போதும்.

கவனிக்க வேண்டியவை:

• விளக்கை வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் மாட்டினால் அவர் நிழலே தராசில் விழும். மேசைக்கு மேலே, சற்று முன்னால் மாட்டுக.

• தாழ்வாகத் தொங்கவிட்டால் குறைந்த விளக்கே போதும்.

• மாதம் ஒருமுறை தூசி துடைக்க வேண்டும். சுவருக்கு வெள்ளையடித்தால் வெளிச்சம் கூடும்.

• வயதான கணக்கப்பிள்ளைக்கு இளைஞரைவிடக் கூடுதல் வெளிச்சம் தேவை.

இன்றிரவு விளக்கேற்றிய பின், சரக்குப் பார்க்கும் இடத்தில் நின்று ஒரு பாக்கெட்டின் தேதியைப் படித்துப் பார்ப்போம். வாசலுக்கு எடுத்துச் சென்றால்தான் தெரிகிறது என்றால், முதல் விளக்கை அங்கேயே மாட்டுவோம்.