விளக்கு சொல்லும் சேதி

டோம்பிவிலி, தாணே மாவட்டத்தில் உள்ள ஊர். தாணேவுக்கும் கல்யாணுக்கும் நடுவில், மத்திய ரயில்வே பாதையில் இருக்கிறது. நம் தமிழ் மக்களும் இங்கே வாழ்கிறார்கள். ரயில் ஏறி மும்பைக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். கார், டாக்சி, வேன் ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு.

ஓட்டுநருக்கு வண்டிதான் சோறு போடுகிறது. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போய்விடும். அதனால்தான் காலாகாலத்தில் வண்டியைச் சர்வீசுக்கு விடுகிறோம்.

ஆனால் சில சமயம் ஒன்று நடக்கிறது. சர்வீசுக்குப் போகும்போது நன்றாக இருந்த வண்டி, திரும்பி வரும்போது புதிதாக ஒரு விளக்கை எரியவிட்டுக்கொண்டு வருகிறது. இது ஏன்? நாம் என்ன செய்யவேண்டும்? இந்தப் பாடத்தில் படிப்போம்.

படமும் எழுத்துதான்

பம்பாயில் ஒரு காலத்தில் பிரீமியர் பத்மினி டாக்சிகள்தான் எங்கும் ஓடின. அவை குர்லாவில் இருந்த தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. 2023 அக்டோபரோடு அந்த டாக்சிகளின் காலம் முடிந்தது. அவற்றில் எச்சரிக்கை விளக்குகள் மிகக் குறைவு. கோளாறு என்றால் ஓட்டுநர் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிப்பார்.

இப்போது வரும் வண்டிகள் வேறு. 2020 ஏப்ரல் 1 முதல், நம் நாட்டில் விற்கும் புதிய வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிப்படி இருக்கவேண்டும். இந்த வண்டிகளில் நிறைய சென்சார்கள் இருக்கின்றன. சென்சார் என்றால் வெப்பம், காற்று, அழுத்தம் போன்றவற்றை அறிந்து சொல்லும் சிறு கருவி. ஏதாவது தவறினால் மீட்டர் பலகையில் ஒரு படம் ஒளிரும்.

இந்தப் படங்கள் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. 'அ', 'ஆ' கற்றது போல இவற்றையும் கற்றுக்கொள்ளலாம்.

மூன்று நிறங்கள்

சிவப்பு: ஆபத்து. வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்.
மஞ்சள்: கவனம். சீக்கிரம் சோதித்துப் பாருங்கள்.
பச்சை, நீலம்: தகவல் மட்டும். பயம் வேண்டாம்.

சாவியைத் திருப்புங்கள். இஞ்சினை ஓடவிடாதீர்கள். பல விளக்குகள் ஒன்றாக எரியும். இது கோளாறு அல்ல. விளக்குகள் வேலை செய்கின்றனவா என்று வண்டி தானே பார்த்துக்கொள்கிறது. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் எச்சரிக்கை விளக்குகள் சில விநாடிகளில் அணைந்துவிட வேண்டும்.

அணையாத விளக்கு ஒரு சேதி. சாவியைத் திருப்பும்போது எரியவே எரியாத விளக்கும் ஒரு சேதிதான். கோளாறை மறைக்க யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம். பழைய வண்டி வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஓர் உரையாடல்

ஓட்டுநர்: அண்ணாச்சி, காலையிலதான் சர்வீஸ் முடிஞ்சு வண்டியை எடுத்தேன். கல்யாண் - ஷில் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள மஞ்சள் விளக்கு எரியுது. இஞ்சின் படம் போட்டிருக்கு.

மெக்கானிக்: நிலையா எரியுதா, விட்டு விட்டு மின்னுதா தம்பி?

ஓட்டுநர்: நிலையாத்தான் எரியுது. இழுவை கொஞ்சம் கம்மியா இருக்கு.

மெக்கானிக்: சர்வீஸ்ல என்னென்ன மாத்தினாங்க? பில்லைப் படிங்க.

ஓட்டுநர்: ஆயில்... ஆயில் பில்டர்... ஏர் பில்டர்.

மெக்கானிக்: ஏர் பில்டர் மாத்தினா அந்தப் பெட்டியைத் திறந்திருப்பாங்க. எங்கே கை பட்டதோ அங்கேதான் முதல்ல பார்க்கணும். இஞ்சினை அணைச்சுட்டு பானெட்டைத் திறங்க. பார்த்தீங்களா? காத்துக் குழாய் மேல இருக்கிற சென்சாருக்கு வயர் சரியா மாட்டலை. 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும்.

ஓட்டுநர்: மாட்டியாச்சு. ஆனா விளக்கு இன்னும் எரியுதே?

மெக்கானிக்: ஸ்கேனர் போட்டு அழிக்கலாம். சில நாள் ஓட்டினா தானாவும் அணையும். ஆனா கோளாறைச் சரி செய்யாம விளக்கை மட்டும் அழிக்கக் கூடாது. அது காய்ச்சலைக் கவனிக்காம தெர்மாமீட்டரை உதறி வைக்கிற மாதிரி.

ஓட்டுநர்: புது சென்சார் போடணும்னு யாராவது சொன்னா?

மெக்கானிக்: ஸ்கேனர் காட்டுற குறியை எழுதி வாங்குங்க. ஒரு எழுத்தும் நாலு எண்ணும் இருக்கும். 'பி 0300'னு வந்தா இஞ்சினுக்குள்ள எரிபொருள் சரியா எரியலைன்னு அர்த்தம். குறி கோளாறு இருக்கிற பக்கத்தைத்தான் காட்டும். எந்தப் பொருள் கெட்டதுன்னு சோதிச்சுத்தான் சொல்லணும்.

எந்த விளக்கு, என்ன காரணம்?

1. இஞ்சின் படம் (மஞ்சள்): நிலையாக எரிந்தால் அன்றே காட்டுங்கள். மின்னினால் இஞ்சின் சரியாக எரியவில்லை. வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் புகைக் குழாயில் உள்ள விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுவிடும். சர்வீசில் இஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவினால் ஈரம் உள்ளே போயும் இந்த விளக்கு எரியலாம்.

2. ஆயில் கெண்டி, நுனியில் ஒரு சொட்டு (சிவப்பு): ஆயில் அழுத்தம் இல்லை. ஆயில் மாற்றிய உடனே, புது பில்டர் நிரம்பச் சில விநாடி ஆகும். அதற்கு மேலும் எரிந்தால் இஞ்சினை உடனே அணையுங்கள். வண்டிக்கு அடியில் ஆயில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். அடியில் உள்ள போல்ட் தளர்ந்திருக்கலாம். பழைய பில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆயில் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் இஞ்சினே போய்விடும்.

3. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி (சிவப்பு): முதலில் கைப்பிரேக்கைப் பாருங்கள். அது இறங்கியிருந்தும் விளக்கு எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஆயில் டப்பாவின் மூடி மேல் உள்ள வயரை மாட்ட மறந்திருக்கலாம். பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனால் வண்டியை நகர்த்தவே கூடாது.

4. ஏபிஎஸ் என்ற ஆங்கில எழுத்து (மஞ்சள்): பிரேக் வேலை செய்தபோது சக்கரத்தின் பக்கம் உள்ள சென்சார் வயர் கழன்றிருக்கலாம். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் மழையில் சடக்கென்று மிதித்தால் சக்கரம் வழுக்கும்.

5. பாட்டரி படம் (சிவப்பு): பாட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை. பெல்ட் தளர்ந்ததா, பாட்டரி முனை சரியாக முடுக்கப்பட்டதா என்று பாருங்கள்.

6. உட்கார்ந்த ஆள், முன்னால் பந்து: இது ஏர்பேக் விளக்கு. சீட்டைக் கழற்றித் துடைத்தபோது அடியில் உள்ள வயர் தளர்ந்திருக்கலாம். இதை நீங்களே தொடாதீர்கள். தெரிந்தவரிடம் காட்டுங்கள். விளக்கு எரியும்போது விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாமல் போகலாம்.

7. ஸ்பானர் படம்: பல வண்டிகளில் இது கோளாறு அல்ல. அடுத்த சர்வீஸ் எப்போது என்ற நினைவூட்டல். சர்வீஸ் முடிந்ததும் கணக்கைத் திருப்பி வைக்க மறந்திருப்பார்கள்.

வண்டியை எடுக்கும் முன்

வண்டியை விடும்போதே மீட்டர் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கும் எரியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

திரும்ப எடுக்கும்போது அங்கேயே சாவியைத் திருப்பிப் பாருங்கள். இஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பில்லை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். புரியாததைக் கேளுங்கள். பிறகு பணம் கொடுங்கள். மாற்றிய பழைய பொருளைக் காட்டச் சொல்லுங்கள்.

புது விளக்கு எரிந்தால் அதே இடத்துக்குப் போங்கள். சிவப்பு விளக்கு என்றால் ஓட்டிப் போகாதீர்கள். போன் செய்து அவர்களை வரச் சொல்லுங்கள். அவர்கள் கவனிக்கவில்லை என்றால் புகாரை எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். பில் இருந்தால்தான் புகாருக்குப் பலம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.
1. எந்த நிற விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தவேண்டும்?
2. ஏர் பில்டர் மாற்றிய பின் இஞ்சின் விளக்கு எரிந்தால் முதலில் எங்கே பார்க்கவேண்டும்?
3. சாவியைத் திருப்பியதும் பல விளக்குகள் எரிவது ஏன்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. ஆயில் விளக்கு அணையாவிட்டால் _____ உடனே அணைக்கவேண்டும்.
2. தேசிய நுகர்வோர் உதவி எண் _____.

இ. செய்து பாருங்கள்.
உங்கள் வண்டி அல்லது தெரிந்தவர் வண்டியின் மீட்டர் பலகையைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எரியும் படங்களை நோட்டில் வரையுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.