வாய்ப்பேச்சுக் கமிஷன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மனை என்பது 99 ஆண்டுக் குத்தகை. ஆலையை விற்க நினைப்பவருக்கு, மனையை மாற்றுவதைவிட பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பங்குகளைக் கைமாற்றுவது சுலபமாகத் தோன்றும். (அதற்கும் சிப்காட் ஒப்புதல் வேண்டுமா என்று ஒதுக்கீட்டு ஆணையைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.) வாங்க ஆள் காட்டிய தரகரிடம் "ரெண்டு பர்சன்ட் பார்த்துக்கலாம்ணே" என்று டீக்கடையில் சொல்லியிருப்பார். வம்பு அங்கே தொடங்கும்.

"எழுத்துல இல்ல, செல்லாது" என்பதுதான் முதலில் வரும் வாதம். தவறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு எல்லா ஒப்பந்தத்துக்கும் எழுத்து கேட்பதில்லை. நியூயார்க் சட்டம், கம்பெனி வாங்க ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகுக்கு எழுத்து கேட்கிறது. அது நியூயார்க்கோடு சரி. 2025 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம், மனைவியின் பங்கு வர்த்தகக் கணக்கில் விழுந்த கடனுக்குக் கணவர் வாய்மொழியாக ஏற்ற பொறுப்பே அவரைக் கட்டுப்படுத்தும் என்றது. பட்டியலிட்ட பங்குகள் என்றால் மட்டும் எச்சரிக்கை: செபியில் பதிவில்லாமல் தரகு பார்க்கக் கூடாது.

தரகர் பக்கத்து நம்பிக்கை வேறு: "ஆள் காட்டியாச்சு, கமிஷன் வந்தாச்சு." வேறு பேச்சு இல்லாவிட்டால், ஏற்ற வேலை முடிந்த பிறகே கூலி என்கிறது 219-ஆம் பிரிவு. ஏற்ற வேலை எது? ஆளைக் காட்டுவதா, விற்று முடிப்பதா? சண்டையே அதுதான். லண்டன் ஹாக்னியில் 2008-இல், மிஞ்சிய 7 ஃபிளாட்டுகளை விற்கப் போனிலேயே 2 சதவீதம் பேசினார்கள். எப்போது தருவது என்று பேசவில்லை. விற்பனை முடிந்ததும் கமிஷன் என்பதே பேச்சின் பொருள் என்று 2019-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தரகருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தரகரைக் கழற்றிவிட்டாலும் தப்பிக்க முடியாது. கல்கத்தா அம்ரதல்லா தெரு வீட்டு வழக்கில், தரகர் கொண்டுவந்த தரப்பு நிறுத்திய இன்னொருவர் பேருக்கு உரிமையாளர் நேராக விற்றார். 1950-இல் நம் உச்ச நீதிமன்றம் தரகருக்குக் கமிஷன் உண்டு என்றது. அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. டீக்கடைப் பேச்சுக்கு அது இல்லை.

"வாட்ஸ்அப் இருக்கே" என்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்தால் மட்டும் போதாது. 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டவர் பாடு திண்டாட்டம்.

"தீபாவளி கழிச்சுத் தர்றேன்" என்பதை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். வழக்குக்குக் காலக்கெடு 3 ஆண்டு. கெடு முடியும் முன்பே கடனை ஒப்புக்கொண்டால் புதிதாக எண்ணலாம். ஆனால் அந்த ஒப்புதல் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு அதற்குச் செல்லாது.