கொடுக்கிற துணி, வாங்குகிற துணி

கார்த்திகை பிறந்து ஐந்தாவது நாள். மகன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். வீட்டில் அவனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். புதிதாக வாங்கிய கறுப்பு வேட்டி இரண்டு, துண்டு ஒன்று. விரதத் துணி என்பதால் தனி வாளியில் தானே துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார் சாமி. அன்றைக்கு ஆபீசுக்கு அவசரம், ஊறவைத்ததை அப்படியே விட்டுப் போய்விட்டார். நான்தான் எடுத்து மெஷினில் போட்டேன். இரண்டு வேட்டிக்காக ஒரு டிரம் தண்ணீரா என்று பேத்தியின் வெள்ளை யூனிஃபார்ம் சட்டை இரண்டையும் கூடவே போட்டேன். வெளியே எடுத்தபோது சட்டைகள் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தன.

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வெள்ளை தனி, கலர் தனி என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். அது பாதிப் பாடம்தான். மெஷினுக்குள் ஒவ்வொரு துணியும் பக்கத்துத் துணிக்கு எதையாவது கொடுக்கும், பக்கத்துத் துணியிடமிருந்து எதையாவது வாங்கும். சாயம், பஞ்சுப் பிசிறு, எண்ணெய், மண், கொக்கி இழுத்த ஓட்டை என்று அது எதுவாகவும் இருக்கலாம். எது கொடுக்கும், எது வாங்கும் என்று பார்த்துப் பிரிப்பதுதான் முழுப் பாடம்.

சாயத்தில் தொடங்குவோம். ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்வோம். ஒரு சின்ன வெள்ளைப் பட்டை. அதில் அசிடேட், பருத்தி, நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக், கம்பளி என்று ஆறு வகை நூல் அடுத்தடுத்து நெய்திருக்கும். சோதிக்க வேண்டிய துணியை அந்தப் பட்டையோடு சேர்த்துத் தைத்து, சோப்புக் கரைசலும் பத்து எஃகுக் குண்டுகளும் உள்ள குப்பியில் போட்டு, 40 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் உருட்டுவோம். பிறகு பட்டையில் எந்த இடம் எவ்வளவு கறைபட்டிருக்கிறது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவோம். 5 என்றால் கறையே இல்லை. சாயம் போகிற பருத்தித் துணியாக இருந்தால் பட்டையில் பருத்தியும் நைலானும்தான் முதலில் மாட்டும். பாலியஸ்டர் பெரும்பாலும் பளிச்சென்றே இருக்கும். வீட்டிலும் இதே கதைதான். வெள்ளைப் பருத்தி வேட்டி, பனியன், கைக்குட்டை, நைலான் கலந்த உள்ளாடை இவை சாயத்தை ஆவலோடு வாங்குகிறவை.

கொடுக்கிறவை எவை? கறுப்பு, அடர்சிவப்பு, கருநீலம், மெரூன். இவற்றில் புதுசு எல்லாமே சந்தேகத்துக்குரியது. துணிக்குச் சாயம் ஏற்றிய பிறகு நூலில் பிடிக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சச் சாயத்தை வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசி எடுக்க வேண்டும். அந்த அலசலில் ஒன்றிரண்டைக் குறைத்தால் தண்ணீரும் விறகும் மிச்சம், துணி விலையும் குறையும். குறைத்ததை உங்கள் வீட்டில் நீங்கள் அலசுகிறீர்கள், அவ்வளவுதான். மேல்மருவத்தூர் சிவப்பு, பழனிப் பச்சை, சபரிமலைக் கறுப்பு என்று ஒரு பருவத்துக்காக வாங்கும் மலிவுத் துணிகளை முதல் நாலைந்து துவைப்புக்குத் தனி வாளியில் போடுங்கள். விரதக்காரர்கள் சுத்தத்துக்காகத் தனியாகத் துவைப்பது சாயக்காரன் கணக்கிலும் சரிதான். கெடுத்தது நான்.

ஜீன்ஸ் வேறு ரகம். அதன் நீலம் நூலின் உள்ளே போகாமல் மேல்பக்கமே உட்கார்ந்திருக்கும். எத்தனை வருஷமானாலும் உரச உரச உதிரும். அதை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, கருநிறத் துணிகளோடு மட்டும் போடுங்கள். மதுரைச் சுங்குடி, கைத்தறிக் கட்டம் போட்ட சேலை இவற்றுக்கு மெஷினே வேண்டாம். 1960-களில் அமெரிக்காவில் நம் மெட்ராஸ் கட்டத் துணியை, சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்தே விளம்பரம் செய்து விற்றார்கள். அந்தச் சாமர்த்தியம் மருமகளிடம் செல்லாது.

சந்தேகம் இருந்தால் சோதிக்க ஒரு நிமிடம் போதும். துணியின் உள்தையலில், வெளியே தெரியாத ஓரத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் இறங்கினால் அது தனி வாளிக்குப் போகவேண்டிய துணி. கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று என் அம்மாவும் நம்பினார். சாயப்பட்டறையில் உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவது உண்மை. சாயத்தைத் தண்ணீரிலிருந்து பருத்திக்குள் தள்ள அது உதவுகிறது. பூட்டுப் போட்டு நிறுத்துவது உப்பின் வேலை இல்லை. உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை சாயம் அடங்கியிருக்கும், அடுத்த முறை வெறும் தண்ணீரில் வெளியே வந்துவிடும்.

இன்னொன்று. சாயம் ஏறுவது மெஷின் ஓடும்போது மட்டும் என்று நினைக்காதீர்கள். எல்லாத் துணியையும் ஒரே வாளியில் ராத்திரி முழுக்க ஊறவைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதுதான் பெரிய வினை. அரை மணி நேரத்துக்கு மேல் ஊறுவதால் வெள்ளைக்கும் பெரிய லாபமில்லை, கலருக்கு நஷ்டம். துவைத்து முடிந்த துணியை மெஷினுக்குள்ளேயே மத்தியானம் வரை விட்டுவைப்பதும் அதே கதைதான்.

அடுத்தது பிசிறு. டர்க்கி டவல் தாராளமாகக் கொடுக்கும். கறுப்பு லெகிங்ஸ், பாலியஸ்டர் சுடிதார், பேன்ட் எல்லாம் தாராளமாக வாங்கும். டவல், போர்வை, பெட்ஷீட் இவற்றை ஒரு நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். பெட்ஷீட்டுக்கு இன்னொரு கெட்ட புத்தி உண்டு. ஓடும்போது பையாக மாறிச் சின்னத் துணிகளை விழுங்கிவிடும். உள்ளே போன கர்ச்சீப் அழுக்கோடேயே வெளியே வரும்.

சமையலறைக் கைப்பிடித் துணியை உடுத்தும் துணியோடு போடுகிற வீடுகள் நிறைய. அதில் இருப்பது எண்ணெய். பாலியஸ்டருக்கு எண்ணெய் என்றால் உறவு; பிடித்தால் லேசில் விடாது. துவைத்த சட்டையில் பழைய தாளிப்பு வாடை அடிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்தத் துணிகளை வெந்நீரும் சோப்புமாகத் தனியே அலசுங்கள்.

ரவிக்கைக் கொக்கியையும் உள்ளாடைக் கொக்கியையும் மாட்டிவிட்டுப் போடுங்கள், வலைப்பை இருந்தால் இன்னும் நல்லது. உள்பாவாடை நாடாவை முடிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாடா நாலு சட்டைக் கையைச் சேர்த்துப் பின்னல் போட்டுவிடும். பட்டு, சரிகை பற்றி எழுதவே தேவையில்லை, அவை அழுக்குக் கூடைக்கே வரக்கூடாது.

பை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சில்லறை, பேனா, பஸ் டிக்கெட் எல்லாருக்கும் தெரியும். நம் வீடுகளில் அதைவிட ஆபத்தானது கோயிலில் கொடுத்த குங்குமம். அர்ச்சகர் கொடுத்ததைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம். சட்டை அப்படியே கூடைக்குப் போகும். இப்போது கடையில் கிடைக்கும் குங்குமத்தில் பலதும் சாயம் கலந்தது. ஒரு சிட்டிகை ஒரு டிரம் துணிக்குப் போதும். வெள்ளிக்கிழமை போட்ட சட்டையின் பையை இரண்டு தடவை பாருங்கள்.

பிரிக்கும்போதே கறையையும் பார்த்துவிடுங்கள். ரத்தம், பால், முட்டை என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் கறை வெந்து நிற்கும். சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை செக்கச்செவேல் என்று ஆகும், பயப்படாதீர்கள். மஞ்சளுக்குக் காரம் பட்டால் சிவக்கும் குணம். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும், வெயிலில் காயக் காய வெளிறும். அதற்காகக் கல்லில் அடித்துச் சட்டையைக் கிழிக்க வேண்டாம். வாழைக்கறையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் தோற்றது அதனிடம்தான்.

‘இத்தனை பிரிவுக்கு எங்கள் வீட்டில் இடமும் இல்லை, தண்ணீரும் இல்லை’ என்பீர்கள். நியாயம்தான். நாலு கூடை தேவையில்லை, வரிசை தெரிந்தால் போதும். செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். முதலில் வெள்ளை. அதே சோப்புத் தண்ணீரில் வெளிர்நிறம். பிறகு கருநிறம். கடைசியாக மிதியடியும் கரித்துணியும். கடைசி அலசல் தண்ணீர் வாசல் கழுவ. தலைகீழாகப் போனால்தான் ஒவ்வொரு முறையும் தண்ணீர் மாற்ற வேண்டிவரும். முழு ஆட்டோமேட்டிக் என்றால் நாளைப் பிரியுங்கள்: திங்கள் வெள்ளை, புதன் கலர், ஞாயிறு டவலும் பெட்ஷீட்டும். மெஷின்மேல் 7 கிலோ என்று எழுதியிருப்பது காய்ந்த பருத்தித் துணியின் எடை. பாலியஸ்டர் ரகத்துக்குப் பாதிதான் போடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சாயம் ஏறிவிட்டால் செய்யவேண்டியது ஒன்றுதான்: காயவிடாதீர்கள். ஈரத்தோடேயே கொடுத்த துணியைப் பிரித்தெடுத்து, வாங்கிய துணியை மட்டும் உடனே மறுபடி துவையுங்கள். போகாவிட்டால், வெள்ளைப் பருத்திக்கும் பருத்தி கலந்த பாலியஸ்டருக்கும் சோடியம் பெர்கார்பனேட் கலந்த ஆக்சிஜன் ப்ளீச் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவையுங்கள். குளோரின் ப்ளீச்சுக்கு அவசரப்பட வேண்டாம். உங்கள் போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் அது துருக்கறையைக் கொண்டுவரும்; பட்டு, நைலான், லைக்ரா இவற்றைக் கெடுக்கும்.

பேத்தியின் ஒரு சட்டையை அப்படித்தான் மீட்டேன். இன்னொன்றை நான் பார்ப்பதற்குள் அவள் பாட்டி காயவைத்து இஸ்திரி போட்டுவிட்டாள். அது இப்போது என் ஸ்கூட்டரைத் துடைக்கிறது.