கருவிக்கு முன்னால் ஆளைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

உன் மின்னஞ்சல் வந்தது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கடன் பிரிவைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் உன் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். சந்தோஷம்.

அங்கே ஓடும் பழைய விண்டோஸ் புரோகிராமில் பாதிப் பொத்தான்கள் ‘பட்டன், பட்டன்’ என்று மட்டுமே பேசுகின்றன, தவணை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்றே தெரிவதில்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு மூன்று வழிகள் சொல்லியிருக்கிறார்கள். வங்கி வாங்கித் தந்திருக்கும் ஜாஸ் ஸ்கிரீன் ரீடருக்கு, இந்தப் புரோகிராமுக்கென்றே ஸ்கிரிப்ட் எழுதித் தருவதாக ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். பெயரில்லாத பொத்தான்களுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ள உதவும் ஆட்-ஆன் ஒன்று என்விடிஏ என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வேறு கிளையில் இதே புரோகிராமில் வேலை செய்யும் ஒருவர் தன் ஸ்கிரிப்ட் கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ‘எதைப் போடட்டும் சித்தப்பா?’ என்று கேட்கிறாய்.

வாட்ஸ்அப்பில் வந்ததைத் தொடாதே. மற்ற இரண்டில் எது என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கருவிகளைத் தேடும்போது அது என்னென்ன செய்யும் என்ற பட்டியலைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதை யார் பேணுகிறார், அவர் கைவிட்டால் உன் கையில் என்ன மிஞ்சும் என்று நீ முதலில் கேள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான காரணம்.

பார்வையற்ற நமக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் தானாக எதையும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. திரையில் இருக்கும் ஒவ்வொரு பொத்தானும் பெட்டியும் தன் பெயர், வகை, நிலை ஆகியவற்றை விண்டோஸின் அணுகல் இடைமுகம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். புரோகிராம் எழுதியவர் பெயரைக் கொடுக்காமல் விட்டிருந்தால் ஜாஸும் என்விடிஏவும் ‘பட்டன்’ என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? ஸ்கிரிப்ட் அந்தக் குறையை நிரப்புகிறது. ‘இந்த ஜன்னலில், இந்தக் கன்ட்ரோல் ஐடி, அதாவது அடையாள எண், உள்ள பொத்தானுக்கு வந்தால் இன்ன பெயரைச் சொல்’ என்று ஸ்கிரீன் ரீடருக்குக் கற்றுக்கொடுக்கிறது. அடுத்தவர் வீட்டுச் சுவரில் நாம் அடிக்கிற ஆணி அது. அவர் சுவரை இடித்துக் கட்டும்போது நம்மைக் கேட்டுக்கொண்டா கட்டுவார்?

புரோகிராமின் அடுத்த அப்டேட்டில் அந்த ஐடிகள் மாறினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஸ்கிரிப்ட் வாயடைத்துப் போகலாம். அது சின்னத் தொல்லைதான். பழைய பெயரை வேறொரு பொத்தானின் மேல் ஏற்றியும் சொல்லலாம். ‘நிராகரி’ இருக்கும் இடத்தில் ‘ஒப்புதல்’ என்று உன் காதில் விழுந்தால், அதை நம்பி என்டர் தட்டுவது நீ. பொறுப்பும் உன் தலையில்தான். பேசாத பொத்தானிடம் நாம் தானாகவே எச்சரிக்கையாக இருப்போம். தப்பாகப் பேசும் பொத்தானிடம் அந்த எச்சரிக்கை வராது. பேணுவதற்கு ஆள் இல்லாத ஸ்கிரிப்டுக்கு நான் இவ்வளவு பயப்படுவது இதனால்தான்.

ஆகவே கருவி தேடுவதற்கும் முன்பே கேட்க வேண்டியது, ஸ்கிரிப்ட் வேண்டுமா என்பதே. ஸ்கிரிப்ட் தேடி வருகிறவர்களில் பலருடைய தேவை உச்சரிப்போடு முடிந்துவிடும். கணக்கு வகைச் சுருக்கங்களும் கிளைக் குறியீடுகளும் காதைக் குத்தினால் ஜாஸின் டிக்‌ஷனரி மேனேஜரோ என்விடிஏவின் பேச்சு அகராதியோ போதும். இந்தப் புரோகிராமுக்கு வந்ததும் நிறுத்தக்குறிகள் குறைவாகவும் எண்கள் நிதானமாகவும் வாசிக்கப்பட வேண்டுமா? என்விடிஏவில் கான்ஃபிகரேஷன் புரொஃபைல் ஒன்றை அந்தப் புரோகிராமோடு கட்டிவிடலாம். ஜாஸில் செட்டிங்ஸ் சென்டரே ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி அமைப்பை வைத்துக்கொள்ளும். ஷார்ட்கட் விசையை மாற்ற என்விடிஏவின் இன்புட் ஜெஸ்சர்ஸ் உரையாடல் இருக்கிறது. படமாக வரும் எழுத்தை வாசிக்க என்விடிஏ விசையோடு ஆர் தட்டினால் விண்டோஸின் ஓசிஆர் வேலை செய்யும். ஜாஸில் படங்களுக்குப் பெயர் வைக்கும் வசதி வெகு காலமாகவே உண்டு. இவற்றையெல்லாம் முயன்று பார். அதன் பிறகும் எது மிஞ்சுகிறதோ, அதற்கு மட்டும் வெளிக்கருவியைத் தேடு.

மிஞ்சியதை ஒரு பட்டியலாக எழுது. எந்தத் திரை, எந்தப் பொத்தான், இப்போது என்ன பேசுகிறது, என்ன பேச வேண்டும் என்று நான்கு பத்திகள். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி உன் வங்கியின் ஐடி பிரிவுக்குப் போக வேண்டும். நீ இருப்பது பொதுத்துறை வங்கி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 20ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் தம் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. தகவல் தொழில்நுட்பத்தின் அணுகல் தரத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 17802 இருக்கிறது. இந்த இரண்டையும் கடிதத்தில் குறிப்பிடு. சண்டைத் தொனி வேண்டாம். மூல நிரல் கையில் இருப்பவருக்கு ஒரு பொத்தானுக்குப் பெயர் கொடுப்பது பெரும்பாலும் ஒரு வரி வேலை. அவர் அதைச் செய்தால் உனக்கு மட்டுமில்லை, நாளை எந்தக் கிளையில் நம்மைப் போல ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் அந்தப் பொத்தான் பேசும். ஆனால் அந்த அப்டேட் வரும்வரை உன் மேஜையில் கோப்புகள் காத்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். இடைக்காலத்துக்குக் கருவி வேண்டும்தான்.

ஜாஸிலிருந்து தொடங்குகிறேன். டெட் ஹென்டரின் நிறுவனத்திலிருந்து 1989இல் டாஸுக்கும் 1995இல் விண்டோஸுக்குமாக வந்தது அது. அதற்கென்றே தனி ஸ்கிரிப்ட் மொழி உண்டு. எழுதும்போது ஜே.எஸ்.எஸ். என்ற மூலக் கோப்பு. கம்பைல் செய்தால் ஜே.எஸ்.பி. கோப்பு. ஓடுவதற்கு இரண்டாவது மட்டும் போதும். அதனால் விலைக்கு விற்பவர்களில் சிலர் அதை மட்டுமே தருவார்கள். அதைத் திறந்து படிக்க முடியாது. ஒரே ஒரு ஐடி மாறினாலும் உன்னாலோ வேறு ஒருவராலோ திருத்த முடியாது. எழுதியவரிடமேதான் திரும்பிப் போக வேண்டும்.

உனக்கு விலை சொன்னவரிடம் கேட்க வேண்டியவை இவை. மூலக் கோப்பைத் தருவாரா? புரோகிராமின் எந்தப் பதிப்பில் சோதித்திருக்கிறார்? அப்டேட் வந்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார், எத்தனை ஆண்டுகளுக்கு, அதற்குத் தனிக் கட்டணமா? உரிமம் உன் பெயரிலா, கணினியின் பெயரிலா? நாளை உன்னை வேறு கிளைக்கு மாற்றினால் என்ன ஆகும்? ஜாஸ் ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் அமைப்புக் கோப்புறை தனி. புதியதற்கு மாறும்போது ஸ்கிரிப்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் வேலை? இவற்றுக்கு எழுத்தில் பதில் தருபவரிடம் பணம் கொடுக்கலாம். உழைப்புக்குக் கூலி கொடுப்பது நல்லதுதான். கூலி வாங்குகிறவர் நாளைக்கும் வேலைக்கு வருவார். ஆனால் அந்தப் பணத்தை நீ உன் சம்பளத்திலிருந்து எடுக்காதே. வங்கியின் வேலைக்கு வங்கியே வாங்கட்டும்.

இன்னொரு நுணுக்கம். ஜாஸ் ஸ்கிரிப்ட் கோப்பு, புரோகிராமின் இயக்கக் கோப்பு எந்தப் பெயரோ அதே பெயரில் இருக்கும். அதே புரோகிராமுக்கு ஜாஸோடு வந்த ஸ்கிரிப்டும் இருந்தால், நீ போட்டது அதை மறைத்துவிடும். பழையதையும் சேர்த்துப் பயன்படுத்தும்படி எழுதியிருந்தால்தான் இரண்டும் வேலை செய்யும். ஏதாவது விபரீதமாகப் பேசினால் முதலில் இன்சர்ட்டோடு கியூ தட்டி, இப்போது எந்த அமைப்பு ஆட்சியில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்.

இனி என்விடிஏ. மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். அதன் ஆட்-ஆன் கோப்பு வேறு பெயர் சூட்டிய ஜிப்தான். உள்ளே இருக்கும் பைத்தான் கோப்புகளைப் பெரும்பாலும் திறந்தே படித்துவிடலாம். எழுதியவர் விட்டுப் போனாலும் இன்னொருவர் எடுத்து நடத்த இடமிருக்கிறது. ஜாஸின் மூடிய ஸ்கிரிப்டைவிட இது எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் விலை இல்லை, இந்த வாசல்தான்.

ஆனாலும் இலவசம், என்விடிஏவின் ஆட்-ஆன் ஸ்டோரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதே. 2023.2 பதிப்பில் வந்த அந்த ஸ்டோர், ஆட்-ஆன்களின் நடத்தைக்கு உத்தரவாதம் தருவதில்லை. அதைத் திறக்கும்போதே அப்படி எச்சரிக்கவும் செய்கிறது. ஆட்-ஆன் என்விடிஏவுக்குள்ளேயே ஓடுவதால் என்விடிஏவால் முடிந்ததெல்லாம் அதற்கும் முடியும். நீ தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கேட்க முடியும், திரையில் இருப்பதை வாசிக்க முடியும், இணையத்துக்கும் அனுப்ப முடியும். வாடிக்கையாளர் கணக்கு ஓடும் கணினியில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. உள்நுழைவுத் திரையிலும் உன் அமைப்புகளையே பயன்படுத்தச் சொல்லும் பொத்தானை அழுத்தும்போது ஆட்-ஆன்களும் கூடவே அங்கே போய், கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும். அலுவலகத்தில் அந்தப் பொத்தானைத் தொடாதே.

வாட்ஸ்அப் கோப்பை ஏன் வேண்டாம் என்றேன் என்பது இப்போது புரிந்திருக்கும். அனுப்பியவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கோப்பு அவர் கையில் பிறந்ததா, யார் யார் கை மாறி வந்தது, அவர் கிளையில் ஓடுவது இதே பதிப்புதானா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவருடைய அனுபவம் உனக்குப் பயன்படும், பேசு, கேட்டுக்கொள். கோப்பு மட்டும் வேண்டாம்.

ஆட்-ஆனைப் பேணுகிறவரை எப்படி எடை போடுவது? அதற்குள் இருக்கும் விவரக் கோப்பில், கடைசியாக எந்த என்விடிஏ பதிப்பில் சோதித்தார்கள் என்று எழுதியிருக்கும். என்விடிஏ வழக்கமாக ஆண்டின் முதல் பதிப்பில் பழைய ஆட்-ஆன்களோடு ஒத்துப்போகாத மாற்றங்களைக் கொண்டுவரும். எழுதியவர்கள் அதற்கேற்பப் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் அதைச் செய்கிறாரா என்று பார். பிழை சொன்னவர்களுக்குப் பதில் போடுகிறாரா என்று பார். 2019.3இல் என்விடிஏ பைத்தான் 2-இலிருந்து 3-க்கு மாறியபோது, பேணுவார் இருந்த ஆட்-ஆன்கள் புதுப்பிக்கப்பட்டு வந்தன. இல்லாதவை அங்கேயே நின்றுபோயின.

ஆட்-ஆன் மட்டுமில்லை, ஸ்கிரீன் ரீடரே நின்று போனதுண்டு. விண்டோ-ஐஸ் என்று ஒன்று இருந்தது. விபி ஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் அதற்கு நிறைய எழுதி வைத்திருந்தார்கள். 2017இல் அதை நிறுத்தினார்கள். அதற்காக எழுதிய ஸ்கிரிப்டுகளுக்கு வேறெங்கும் வேலையில்லாமல் போனது. ஸ்கிரிப்ட் நம்பியிருக்கும் புரோகிராமே நிற்பதும் உண்டு. அதே ஆண்டில் சோனார் என்ற இசைப்பதிவு மென்பொருளின் மேம்பாட்டை அதன் உரிமையாளரான கிப்சன் கைவிட்டது. பார்வையற்ற இசைக் கலைஞர்கள் பலர் ஜாஸோடு கேக்டாக்கிங் என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பைப் போட்டு அதில்தான் வேலை செய்து வந்தார்கள்.

நல்லபடி நடந்ததும் உண்டு. என்விடிஏ ரிமோட் 2015இல் வெளியார் எழுதிய ஆட்-ஆனாக வந்தது. தூரத்திலிருந்து இன்னொருவர் கணினியை இயக்கிப் பார்க்கப் பலருக்கும் அது கைகொடுத்தது. 2025.1 பதிப்பில் அந்த வசதி என்விடிஏவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. திறந்த நிரலும் விடாமல் பேணிய ஆட்களும் இருந்ததால் நடந்தது இது.

போடுவது என்று முடிவானால் ஐடி பிரிவின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள். வீட்டுக் கணினியில் என்விடிஏவின் போர்ட்டபிள் பிரதி ஒன்றை உருவாக்கி, ஆட்-ஆனை முதலில் அதில் போட்டுச் சில நாள் பழகு. அலுவலகத்தில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் போடு; இரண்டைச் சேர்த்துப் போட்டால் எது கெடுத்தது என்று தெரியாது. என்விடிஏ விசையோடு கியூ தட்டினால் வரும் பெட்டியில், ஆட்-ஆன்கள் இல்லாமல் மறுபடி தொடங்கும் வழி இருக்கிறது; தேவைப்படும் முன்பே அதைக் கை பழகிக்கொள். எந்தக் கருவியானாலும், பெயர் வைத்த ஒவ்வொரு பொத்தானையும் பார்வையுள்ள ஒரு சக ஊழியரோடு உட்கார்ந்து ஒருமுறை சரிபார். புரோகிராமுக்கு அப்டேட் வந்த காலையில் திரும்பவும் செய். முன்பு எழுதிய பட்டியல் அப்போதும் உதவும்.

முடிந்தபோது கொஞ்சம் பைத்தான் படி. புரோகிராமர் ஆவதற்காகச் சொல்லவில்லை. ஒரு பொத்தானில் நின்று என்விடிஏ விசையோடு எஃப்1 தட்டினால், அதன் கன்ட்ரோல் ஐடி உட்பட எல்லா விவரமும் லாகில் வந்து விழும். அந்த ஐடிக்கு ஒரு பெயர் கொடுக்க நாலைந்து வரிகள் போதும். அவ்வளவு தெரிந்துவிட்டால், யாரோ எழுதியதைப் படித்து நம்பலாமா வேண்டாமா என்று நீயே சொல்லிவிடுவாய். உன் பட்டியலில் இருப்பவை பத்துப் பதினைந்து பொத்தான்கள்தான் என்றால், பேணும் ஆள் நீயாகவே இருக்கலாம்.

முதலில் பட்டியலை முடி. ஐடி பிரிவுக்கு எழுதும் கடிதத்தின் வரைவை அதோடு சேர்த்து எனக்கு அனுப்பு. பார்த்துத் திருத்தித் தருகிறேன். விலை சொன்னவர் என்ன பதில் தருகிறார் என்பதையும் எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா