26 கிகாஹெர்ட்ஸில் ஒத்திசைவும் கட்டுப்பாட்டுத் தடமும்: கீழ்வேளூர் வயல்வெளிக்கு எது பொருந்தும்?

2022 ஆகஸ்ட் 1 அன்று நிறைவடைந்த 5ஜி ஏலத்தில், 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நாடு முழுமைக்குமாக ஜியோ 1000 மெகாஹெர்ட்ஸையும் ஏர்டெல் 800 மெகாஹெர்ட்ஸையும் பெற்றதால், நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வேளூரும் அந்த உரிமைப் பரப்புக்குள் வந்தது. பதினொன்றரை மில்லிமீட்டரே நீளமுள்ள இந்த அலை, ஒரே வகை எளிய ஆண்டெனாக்களிடையே அனுப்பப்படும்போது, 3.3 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட ஏறத்தாழ 18 டெசிபெல், அதாவது 60 மடங்கு, நலிந்தே வந்துசேர்கிறது. அதை ஈடுகட்ட ஆற்றலை ஒரே திசையில் குவிக்கும் கற்றை வேண்டும். ஆனால் கைபேசி இருக்கும் திசையை அறியாமல் கற்றையைக் குவிக்க இயலாது, குவிக்காமல் அனுப்பினாலோ கைபேசிக்கு எட்டாது. கைபேசி தன் கோபுரத்தைக் கண்டு அதனோடு நேரம் பொருத்திக்கொள்ளும் ஒத்திசைவின் வடிவமைப்பில் உள்ள தெரிவுகள் யாவும் இந்த முட்டுக்கட்டையிலிருந்தே பிறக்கின்றன.

கோபுரத்தின் கால ஓட்டத்தையும், 1008 அடையாள எண்களில் அதற்குரியது எது என்பதையும் உணர்த்தும் இரு குறிகளோடு, அடிப்படைத் தகவலைத் தாங்கிய ஒலிபரப்புத் தடமும் சேர்ந்த சிறு அறிவிப்பே ஒத்திசைவுத் தொகுதி எனப்படுகிறது. அதை எல்லாத் திசைக்கும் ஒருங்கே பரப்பலாம். முதலில் அகன்ற கற்றையாலும் பின்னர் குறுகிய கற்றையாலும் படிப்படியாகத் தேடலாம். அல்லது குறுகிய கற்றையைத் திசை திசையாகத் திருப்பி அனுப்பலாம். முதல் வழியில் கற்றையின் பயனே இல்லாமல் போகிறது. இரண்டாவது வழி விரைவானதாகத் தோன்றினாலும், அகன்ற கற்றை எட்டாத தொலைவிலுள்ள வீடு முதற்படியிலேயே விடுபட்டுப் போவதால், வீடுகள் வயல்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் ஊருக்கு அது ஆகாது. 2018இல் நிறைவு பெற்ற 5ஜி தரநிலை மூன்றாவது வழியையே ஏற்று, இந்த உயர் வரிசையில் 64 திசைகள் வரை இடமளித்திருக்கிறது.

அதற்குரிய விலை காலம். முறைவைத்துப் பாய்ச்சும் வாய்க்காலில் ஒரு வயலுக்கு மடை திறந்திருக்கும்போது மற்ற வயல்கள் காத்திருப்பது போல, ஒரு நேரத்தில் ஒரே கற்றையை உருவாக்கும் கோபுரம் ஒரு திசையில் அறிவித்துக்கொண்டிருக்கையில் மற்றத் திசைகளுக்குத் தரவு அனுப்ப முடியாது. ஒரு தொகுதிக்கு நான்கு குறியீட்டுக் காலமும், துணை அலைகளுக்கிடையே 120 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டால் ஒரு குறியீட்டுக்குச் சுமார் 8.9 மைக்ரோ விநாடியும் ஆவதால், 64 திசைகளுக்கு ஏறத்தாழ 2.3 மில்லி விநாடி செலவாகிறது. 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை இதைச் செய்தால் நேரத்தில் 11 விழுக்காடு அறிவிப்புக்கே போய்விடும். கைபேசியும் எட்டுத் திசைகளில் மாறி மாறிக் கேட்பதாயின், தேடி முடிக்க 160 மில்லி விநாடி வரை ஆகலாம். அடுக்குமாடிகள் நிறைந்த மாநகரில் மேலும் கீழும் கற்றையைத் திருப்ப வேண்டியிருப்பதால் 64 திசைகளுக்கு நியாயம் உண்டு. கோயில் கோபுரமும் தென்னையுமே உயர்ந்து நிற்கும் சமவெளியில் கிடைமட்டமாகப் பதினாறு திசைகள் போதும். செலவும் மூன்று விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்.

இடைவெளியை 240 கிலோஹெர்ட்ஸாக்கினால் அறிவிப்பு நேரம் பாதியாகும். மலிவான கருவியின் கடிகாரத்தில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிழை இருந்தாலே 26 கிகாஹெர்ட்ஸில் 260 கிலோஹெர்ட்ஸ் பிசகு நேர்வதால், அந்தப் பிசகைத் தாங்குவதற்கும் அது உதவும். ஆயினும் ஒவ்வொரு திசைக்கும் கிடைக்கும் ஆற்றலும் பாதியாவதால், தொலைவே முதற்கவலையாக உள்ள கீழ்வேளூருக்கு 120 கிலோஹெர்ட்ஸே ஏற்றது.

கட்டுப்பாட்டுத் தடம் என்பது எந்தக் கருவி எப்போது எந்த அலைப்பகுதியில் பேசலாம் என்று ஆணையிடும் வழி. தொடக்க ஆணைகளை ஒத்திசைவுத் தொகுதிக்குப் பின் வேறொரு நேரத்தில் அனுப்பினால் ஒவ்வொரு திசைக்கும் கற்றையை மறுபடியும் திருப்ப வேண்டும். அதே நேரத்தில் அடுத்த அலைப்பகுதியில் அனுப்பினால் ஒரே திருப்பத்தில் இரு வேலையும் முடியும். அலைப்பரப்பு தாராளமாக இருக்கும் இவ்வரிசையில் பின்னதை விட்டு முன்னதைத் தேர்வதற்குக் காரணம் அரிது.

இவற்றைவிடப் பெரிய கேள்வி, ஆணைகள் அனைத்தும் 26 கிகாஹெர்ட்ஸிலேயே செல்ல வேண்டுமா என்பது. ஏர்டெல் தன் 5ஜியைத் தொடங்கியபோது 4ஜியை நங்கூரமாகக் கொண்டது. ஜியோவோ 4ஜியைச் சாராத 5ஜியைத் தேர்ந்து, ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸையும் வாங்கியிருந்தது. ஆக, இருவரிடமும் தாழ்ந்த அலைவரிசையின் துணை உண்டு. மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் மழை கொட்டும்போது 26 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்குச் சுமார் 8 டெசிபெல் இழக்கும். நனைந்த தென்னங்கீற்றும் மூங்கில் குத்தும் குறுக்கிட்டால் இழப்பு மேலும் ஏறும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இது அரிய நிகழ்வன்று. உயர் வரிசையை மட்டுமே நம்பிய இணைப்பு அப்போது அறுந்தால், கருவி தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸில் ஒரு கயிறு கட்டியிருந்தால், வேகம் குறைந்தாலும் தொடர்பு அறாது, எந்தத் திசையில் மீண்டும் தேடலாம் என்ற குறிப்பும் அதன் வழியே வந்துவிடும். ஆனால் எல்லா ஆணைகளையும் கீழே இறக்குவதும் தவறு. உயர் வரிசையில் ஒரு காலத்துண்டு 0.125 மில்லி விநாடி. தாழ்ந்த வரிசையில் அது 1 மில்லி விநாடி. ஆகவே இணைப்பு, இடமாற்றம் போன்ற மெதுவான ஆணைகள் தாழ்ந்த வரிசையிலும், கணத்துக்குக் கணம் மாறும் தரவு ஒதுக்கீடு உயர் வரிசையிலும் செல்வதே இப்பகுதிக்குச் சரியான பங்கீடு.

கோபுரங்கள் தங்களுக்குள் நேரம் ஒத்திருப்பது தனி விவகாரம். ஒரே அலைவரிசையில் அனுப்புவதும் பெறுவதும் மாறி மாறி நடக்கும் 26 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு கோபுரத்தின் கடிகாரமும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ விநாடிக்குள் நிற்க வேண்டும். அந்நேரத்தை நாவிக், ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களிலிருந்து நேரே பெறலாம், அல்லது கண்ணாடி இழை வழியாகப் பெறலாம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்த இவ்வட்டாரத்தில், வழியிலுள்ள ஒவ்வொரு கருவியையும் சார்ந்திருக்கும் இழைவழி நேரத்தைத் துணையாக வைத்துக்கொண்டு, செயற்கைக்கோளையே முதன்மையாகக் கொள்வது நல்லது. இரண்டும் தவறினாலும், அனுப்புவதற்கும் பெறுவதற்கும் தனித்தனி அலைப்பகுதி கொண்ட 700 மெகாஹெர்ட்ஸுக்கு இத்தகைய நேர ஒற்றுமை தேவையில்லை. அது பேசிக்கொண்டே இருக்கும்.