பல் வெள்ளையாக இருந்தால் மட்டும் போதுமா?
வீட்டுப் பொருள்களால் பல் துலக்கும் மூத்தோருக்கான வழிகாட்டி

கம்போங் ராஜா, புளூ வேலி வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தோர் பலருக்கு அடுப்புக் கரி, சாம்பல், உப்பு, வேப்பங்குச்சி ஆகியவையே முதல் பல்பொடி. இன்றும் சிலர் பற்பசையை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றையே நாடுகிறார்கள். இவற்றில் எது நல்லது, எது பல்லைக் கெடுக்கும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பல் ஏன் நிறம் மாறுகிறது?

பல்லின் மேல் எனாமல் என்னும் கடினமான பூச்சு உள்ளது. தேநீர், காப்பி, வெற்றிலை பாக்கு, புகையிலை ஆகியவற்றின் சாயம் இதன் மேல் படிகிறது. இது வெளிக்கறை.

வயதாக ஆக எனாமல் தேய்ந்து மெலிகிறது. அதன் அடியில் உள்ள மஞ்சள் நிறப் பகுதி வெளியே தெரிகிறது. இது கறை அல்ல, வயதின் இயல்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்க எனாமல் இன்னும் மெலிந்து, பல் மேலும் மஞ்சளாகத்தான் தெரியும்.

மூத்தோருக்கு ஈறும் சற்று இறங்கியிருக்கும். அப்போது வெளியே தெரியும் பல்லின் வேர்ப் பகுதிக்கு எனாமல் பாதுகாப்பு இல்லை. சொரசொரப்பான பொடியால் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். பல் கூசும்.

பயன்படுத்தலாம்

• ஆப்ப சோடா: ஈர பிரஷ்ஷில் ஒரு சிட்டிகை தொட்டு, வாரம் ஒரு முறை மெதுவாகத் துலக்கலாம். தேநீர்க் கறை ஓரளவு குறையும். இதில் சோடியம் உள்ளது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

• உப்பு நீர்: ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்தால் ஈறு வலிக்கு இதமாக இருக்கும். உப்புக் கல்லை ஈறில் வைத்துத் தேய்க்க வேண்டாம்.

• வேப்பங்குச்சி: நுனியை நன்கு மென்று நாராக்கிய பிறகு மென்மையாகத் துலக்கலாம். பல்லின் உட்புறத்தையும் கடைவாய்ப் பல்லையும் குச்சி சரியாக எட்டாது. ஆகவே பிரஷ்ஷும் தேவை.

தவிர்க்க வேண்டும்

• கரி, சாம்பல், செங்கல் பொடி, மணல்: இவை கறையோடு எனாமலையும் சுரண்டிவிடும். கடைகளில் விற்கும் கரிப் பற்பசைகள் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை கூறுகிறது.

• எலுமிச்சை, புளி, வினிகர்: புளிப்பு எனாமலைக் கரைக்கும். தேய்த்த உடனே பல் பளபளப்பது போலத் தோன்றினாலும், பிறகு கூச்சமே மிஞ்சும்.

• ஸ்ட்ராபெர்ரி: நம் மலையில் தாராளமாக விளையும் இப்பழத்தை மசித்து ஆப்ப சோடாவுடன் பூசுவோரும் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்கலவையைப் பற்களில் சோதித்தபோது உண்மையான வெண்மை கிடைக்கவில்லை. பழத்தைச் சாப்பிடுங்கள், பல்லில் பூசாதீர்கள்.

தினமும் செய்ய வேண்டியது

காலையிலும் இரவு படுக்கும் முன்னும் மென்மையான பிரஷ்ஷால், ஃபுளோரைடு கலந்த பற்பசை கொண்டு இரண்டு நிமிடம் துலக்குங்கள். மேலே சொன்ன வீட்டுப் பொருள்கள் எதிலும் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் அளவுக்கு ஃபுளோரைடு இல்லை. மலேசியாவில் 1972 முதல் குழாய் நீரில் ஃபுளோரைடு சேர்க்கும் திட்டம் உள்ளது. ஆனால் மலை ஊற்று நீரைப் பிடித்துப் புழங்கும் வீடுகளுக்கு அந்தப் பயன் கிடைக்காது. அவர்களுக்குப் பற்பசை இன்னும் அவசியம்.

தேநீர் குடித்த பின் ஒரு வாய் வெறும் நீரால் கொப்பளியுங்கள். கறை படிவது குறையும். தேநீரில் சீனியையும் பாலேட்டையும் குறைத்தால் பல்லுக்கும் நல்லது, நீரிழிவுக்கும் நல்லது.

பொய்ப் பல் அணிபவர்கள் அதை இரவில் கழற்றி, மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு கழுவி, குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். கொதிநீரில் போட்டால் அது வளைந்துவிடும்.

வெற்றிலை பாக்கு போடுபவர்கள் கவனத்திற்கு

வெற்றிலைக் கறையைப் போக்க வழி கேட்பவர்கள் பலர். கறையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்துள்ளது. புகையிலை சேர்க்காவிட்டாலும் ஆபத்துதான். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது.

மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, ஈறு ஆகியவற்றைக் கவனியுங்கள். கீழ்க்காண்பவற்றில் எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்:

• தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
• இரண்டு வாரமாகியும் ஆறாத புண்
• காரம் பட்டாலே வாய் எரிதல், வாயை முழுதாகத் திறக்க முடியாமை
• கட்டி, மரத்துப்போதல், விழுங்கச் சிரமம்

இத்தகைய திட்டு பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

எங்கே செல்வது?

அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் அல்லது தானா ராத்தா மருத்துவமனையில் பல் மருத்துவரைப் பார்க்க விசாரியுங்கள். அடையாள அட்டையையும், நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். மலாய் பேசத் தயங்கினால் மகனையோ மகளையோ பேரப்பிள்ளையையோ துணைக்கு அழைத்துச் செல்லலாம். படிந்து இறுகிய கறையை அங்கே பல்லுக்குச் சேதமின்றிச் சுத்தம் செய்வார்கள். வாய் முழுவதையும் பரிசோதிக்கும்படி நீங்களே கேளுங்கள். பல் ஒன்றுகூட இல்லாதவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

நினைவில் கொள்க: சற்று மஞ்சளான பல் நோயல்ல. நன்றாக மெல்லும் பல்லும் புண் இல்லாத வாயுமே ஆரோக்கியம்.