தீர்ந்த மையும் தீராத வேலையும்



"பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதும் ஒரு கலையா?" என்று நம் விடுதியில் என்னைக் கேட்போர் உளர். விளையாட்டுத்தான், ஆயினும் அது எனக்கு ஒரு பாடம் கற்பித்தது.

என் தமையனார் 40 சிறிய போர்வீரர் உருவங்களை வாங்கி, 20-க்கு வண்ணம் தீட்டியபின் வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். எஞ்சிய 20 என் பொறுப்பாயின. அவர் கையாண்டது சிட்டாடல் வரிசையின் 'டெவ்லன் மட்' என்னும் பழுப்பு வாஷ். 2012-இல் அவ்வரிசை மாறியபோது அது நின்று, 'அக்ராக்ஸ் எர்த்ஷேட்' அதன் இடத்துக்கு வந்தது. அதன் கலவையும் 2022-இல் மாறிற்று. புதிதாகத் தொடங்குவோர்க்கு இதனால் குறையில்லை. பாதியில் நிற்கும் படைக்கோ சிறு நிறவேறுபாடும் கண்ணை உறுத்தும். ஒரு படை இரண்டு படையாகத் தோன்றும்.

ஆகவே நானே கலக்கத் துணிந்தேன். முதலில் பழுப்பு மையில் வெறும் நீரைச் சேர்த்துப் பூசினேன். காய்ந்ததும், தேநீர்க் கோப்பை வைத்த இடம்போல் விளிம்பெங்கும் வளையங்கள்! ஓர் உருவம் பாழாயிற்று.

காரணத்தை ஆராய்ந்தேன். வாஷ் என்பது வெறும் நீர்த்த வண்ணம் அன்று. அதில் மூன்று பொருள்கள் வேண்டும். நிறம் தருவது மை. சாயத்தாலான மை ஒளியில் விரைவில் வெளிறக்கூடும், நிறமியாலான அக்ரிலிக் மையே நன்று. அந்நிறமியைச் சீராகப் பரப்பிப் பிடித்து வைப்பது மேட் மீடியம். நான் விட்டது இதைத்தான். மூன்றாவது நீர். நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்தால்தான் கலவை மேட்டில் தேங்காமல் பள்ளங்களுக்குள் ஓடும். ஒரு குப்பி நீருக்கு, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி போதும், மிகுந்தால் நுரைக்கும்.

பல முறை முயன்றபின் எனக்கு வாய்த்த அளவு இது: செபியா மை 4 துளி, கறுப்பு மை 1 துளி, மேட் மீடியம் 10 துளி, அந்நீர் 10 துளி. உங்கள் மைக்கு இது சிறிது மாறலாம். எனவே உருவத்தில் பூசுமுன், அதே அடிவண்ணம் பூசிய பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் சோதியுங்கள். ஈரத்தில் நிறத்தை நம்பாதீர்கள். நன்கு காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பழைய உருவத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தியதும் எல்லா உருவங்களுக்கும் போதுமானதை ஒரே தடவையில் கலந்து, அளவைக் குப்பியின்மேல் எழுதி வையுங்கள். அளவு எழுதாத கலவையும் ஒருநாள் கிடைக்காத பொருளாகிவிடும்!

சென்ற விடுமுறையில் தமையனார் 40 வீரர்களையும் வரிசையாகப் பார்த்தார். "இதில் என்னுடையவை எவை?" என்று கேட்டார். அதற்குமேல் எனக்கு என்ன பரிசு வேண்டும்?

கடையில் ஒரு பெயர் மறையலாம். அப்பொருள் செய்த வேலையை அறிந்தவன் கை ஓய வேண்டியதில்லை.